வயதான பயணிகளுக்கு எடை குறைந்த, கட்டுப்படியாகும் பைனாகுலர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

அப்பா பணி ஓய்வு பெற்று ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தபோது நான் அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு 10×50 பைனாகுலர். பெரிய லென்ஸ், அதிக பவர், கொடுக்கிற காசுக்கு இதுதான் நல்லது என்று நினைத்தேன். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. முதல் பயணத்தில் இரண்டு நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார், மூன்றாம் நாளிலிருந்து அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கேட்டபோது மூன்று விஷயம் சொன்னார்: "படம் ஆடுது. கழுத்து வலிக்குது. கண்ணாடியோட பார்த்தா சுத்தி ஒரே கறுப்பா இருக்கு."

இந்த மூன்றையும் வாங்கும்போதே யோசித்திருந்தால் பாதி எடையில், அதைவிடக் குறைந்த விலையிலேயே அவருக்குப் பொருத்தமானது கிடைத்திருக்கும். எவ்வளவு தூரம் தெரியும் என்ற கேள்வியை அறுபது வயதுக்கு மேல் கடைசிக்குத் தள்ளிவிடலாம். ஆடாமல், வலிக்காமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. உங்களுக்காக வாங்கினாலும் சரி, பெற்றோருக்காக வாங்கினாலும் சரி, வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் முதல் மூன்று படியிலேயே கடையில் இருப்பதில் பெரும்பாலானவை கழிந்துவிடும்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

பகல் வெளிச்சத்தில் மலை, கடல், கட்டடங்களின் மேல்மாடத்துச் சிற்பங்கள் இவற்றைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சட்டைப்பையில் போடுகிற சின்ன பைனாகுலரே போதும். பறவை, காட்டு விலங்கு என்று விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கிளம்புகிறவர்களுக்குக் கொஞ்சம் பெரிய லென்ஸ் வேண்டும். அருங்காட்சியகம், பூ, வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் என்றால் கிட்டத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்ய முடிய வேண்டும், இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை முடிவு செய்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 2: அந்த இரண்டு எண்கள்

எல்லா பைனாகுலரிலும் 8×25, 8×32, 10×42 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

முதல் எண்ணில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் கருவி கையின் நடுக்கத்தையும் 10 மடங்கு பெரிதாகத்தான் காட்டும். நிலையாக நிற்கிற 8 மடங்குப் படத்தில் தெரிகிற அளவு நுணுக்கம், ஆடிக்கொண்டிருக்கிற 10 மடங்குப் படத்தில் தெரியாது. அதுவும் படகிலோ வண்டியிலோ உட்கார்ந்து பார்த்தால் கேட்கவே வேண்டாம். அதனால் 8 என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். கை கொஞ்சம் நடுங்கும் என்றால் 6 அல்லது 7 இன்னும் நல்லது. ஆறு மடங்கா, அது எதற்கு ஆகும் என்று தோன்றும். 60 மீட்டர் தள்ளி இருக்கிற பறவை 10 மீட்டரில் இருப்பது போலத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. பவர் குறையும்போது ஒரே பார்வையில் அடங்கும் பரப்பும் பெரும்பாலும் அகலமாகும், தேடுகிற பொருள் சட்டென்று கண்ணில் படும்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8×32 என்றால் 4. 8×25 என்றால் ஏறக்குறைய 3.1. 10×25 என்றால் 2.5. பைனாகுலரிலிருந்து நம் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம் இது, மில்லிமீட்டரில். நம் கண் பாவை பகல் வெளிச்சத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் திறந்திருக்கும். இருட்டில் இளைஞர்களுக்கு 7 மில்லிமீட்டர் வரைகூட விரியும். வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்துவிடுகிறது, அறுபதுகளில் பலருக்கு 5 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் விரியும். அப்படியென்றால் 7×50 போன்ற பெரிய பைனாகுலர் அனுப்புகிற 7 மில்லிமீட்டர் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள்ளேயே போகாமல் வெளியே வீணாகும். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவ்வளவு எடையையும் சுமக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

அதற்காக 2.5க்கு இறங்கிவிடவும் கூடாது. ஒளிக்கற்றை ஒடுக்கமாக இருந்தால் கண்ணை மிகச் சரியான இடத்தில் வைத்தால்தான் படம் தெரியும், கை லேசாக அசைந்தாலே ஒரு பக்கம் இருட்டடிக்கும். வயதானவர்கள் "எனக்கு எதுவுமே சரியா தெரியல" என்று சின்ன பைனாகுலரைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம், அவர்கள் பார்வையில் கோளாறு இல்லை. என் கணக்கில் ஏறக்குறைய 4 முதல் 5 வரை இருப்பதுதான் சுகம். பகலில் மட்டும், எடை மிகக் குறைவாக வேண்டும் என்பவர்கள் 3 வரை இறங்கலாம். இதில் 8×32, 8×30, 6×30, 7×35 எல்லாம் வந்துவிடும், பகல் பயணத்துக்கு 8×25.

படி 3: கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க முடியுமா?

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமான படி இது. கடைகளில் இதை யாரும் சொல்வதும் இல்லை.

பைனாகுலரின் கண் பக்க லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழுப் படமும் தெரியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அட்டைப்பெட்டியில் 'ஐ ரிலீஃப்' என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களின் கண் எப்போதும் சற்றுத் தள்ளித்தான் இருக்கும் என்பதால் அவர்களுக்கு இந்த எண் குறைந்தது 15 அல்லது 16 வேண்டும், 18 இருந்தால் நிம்மதி. 10, 11 என்று இருந்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெரியும், சுற்றிலும் கறுப்பு. அப்பா சொன்னது இதைத்தான். எண்ணை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள், ஏனென்றால் சில பைனாகுலரில் லென்ஸ் உள்ளே பதிந்திருக்கும், விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

கண் வைக்கும் இடத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கவனியுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கீழே இறக்கிவிட வேண்டும், போடாதவர்கள் மேலே ஏற்ற வேண்டும். திருகி ஏற்றி இறக்கும் வகை நல்லது. மடித்துவிடும் ரப்பர் வகை மலிவு என்றாலும் கொஞ்ச நாளில் மடிப்பில் விண்டுவிடும். கணவனும் மனைவியும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் என்றால் திருகும் வகைதான், வேறு யோசனையே வேண்டாம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா? கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் பார்க்கலாம், ஃபோகஸ் சக்கரமே அதைச் சரிக்கட்டிவிடும். வெள்ளெழுத்துக்காகப் படிக்கும்போது மட்டும் கண்ணாடி போடுகிறவர்களுக்கும் கவலை இல்லை. ஆனால் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறைக்கான பவர்) கணிசமாக இருந்தால் எந்த ஃபோகஸ் சக்கரமும் அதைத் திருத்தாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். பைஃபோகல், ப்ரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருப்பவர்கள் தூரத்தைப் பார்ப்பதற்கான மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். தலையை நிமிர்த்தி அடிப்பாகம் வழியாகப் பார்த்துவிட்டுப் படம் மங்கல் என்று நல்ல பைனாகுலரை ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: எடை, பிடி, விரல்கள்

8×25 வகை சுமார் 300 கிராம், 8×32 சுமார் அரைக் கிலோ, 8×42 பெரும்பாலும் 650 கிராமுக்கு மேல். கடையில் கையில் எடுக்கும்போது மூன்றும் ஒன்று போலத்தான் தோன்றும், நான்கு மணி நேரம் கழுத்தில் தொங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். அப்புறம், கூட வருகிற வாரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு தோளிலும் மாட்டுகிற வார் ஒன்று வாங்கிவிடுங்கள். பாரம் கழுத்திலிருந்து தோளுக்குப் போய்விடும், குனியும்போதும் ஊஞ்சல் ஆடாது. கொடுக்கிற காசுக்கு இவ்வளவு பயன் தருகிற உதிரிச் சாமான் வேறு இல்லை.

எடை குறைய வேண்டும் என்பதற்காக ஒரேயடியாகச் சின்னதாகவும் போய்விடாதீர்கள். உள்ளங்கையில் மடங்குகிற இரட்டைக் கீல் வகையை ஒவ்வொரு தடவையும் விரித்து இரண்டு கண்ணுக்கும் இடைவெளி சரி செய்ய வேண்டும், மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அது தொல்லை. ஒற்றைக் கீல் என்றால் ஒரு தடவை வைத்துவிட்டால் அப்படியே இருக்கும். மிக லேசான பைனாகுலர் கையில் அதிகமாக ஆடும் என்பதும் உண்மை, கொஞ்சம் எடை இருப்பது படத்தை நிறுத்திப் பிடிக்க உதவும்.

ஃபோகஸ் சக்கரம் பெரிதாக, ஒரு விரலால் உருளும்படி இருக்க வேண்டும். இளம் கண்கள் சின்ன ஃபோகஸ் பிசகைத் தாங்களே சரிக்கட்டிக்கொள்ளும். நம் கண்ணின் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுவதால் அந்த வேலையை முழுக்க அந்தச் சக்கரம்தான் செய்தாக வேண்டும். இறுகலாகவோ, திருப்பும்போது சற்றுத் தாமதித்து நகர்வதாகவோ இருந்தால் வாங்காதீர்கள்.

ஊன்றுகோல் வைத்து நடப்பவர்கள், ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவர்கள் ஒற்றைக்குழல் வகையை யோசிக்கலாம். ஒரு கையால் எடுத்துப் பார்த்துவிடலாம், எடையும் பாதிதான். மற்றவர்களுக்கு இரண்டு கண்ணாலும் பார்க்கிற சுகம் அதில் கிடைக்காது.

படி 5: பணம் எதற்குப் போக வேண்டும்

முதலில் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழலுக்குள் 12 பரப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் கடைசியில் கண்ணுக்கு வருவது 61 சதவீதம்தான். நல்ல பல அடுக்குப் பூச்சு இருந்தால் இழப்பு ஒரு பரப்புக்கு அரை சதவீதம் அளவுக்கு இறங்கும், அதே 12 பரப்பைத் தாண்டி 94 சதவீதம் வரும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சு முறையின் வளர்ச்சிதான் இன்றைக்கு மலிவு பைனாகுலரிலும் இருக்கிறது, ஆனால் எல்லாப் பரப்பிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்று எழுதியிருந்தால் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்று அர்த்தம். வெறும் 'கோட்டட்' என்றால் எங்கோ ஓரிடத்தில் பூசியிருந்தாலும் அப்படிப் போடலாம். கண்புரை தொடங்கிய கண்ணுக்கு ஏற்கெனவே கூச்சமும் மங்கலும் இருக்கும், அதற்கு மேல் பைனாகுலருக்குள்ளும் ஒளி சிதறினால் படம் வெளுத்துப்போகும். அதனால் இந்த ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம்.

அடுத்தது ப்ரிசம், அதாவது தலைகீழாக விழும் படத்தை நேராக்கிக் காட்டும் கண்ணாடிக் கட்டி. இரண்டு வகை உண்டு. குழல்கள் வளைந்து, முன் லென்ஸ்கள் அகன்று இருக்கும் பழைய பாணி போரோ வகை; 1854இல் இத்தாலியரான இக்னாஸியோ போரோ காப்புரிமை பெற்ற அமைப்பு. குழல்கள் நேராக, ஒல்லியாக இருப்பது ரூஃப் வகை. ரூஃப் வகையைத் துல்லியமாகச் செய்வது செலவு பிடிக்கிற வேலை, அதில் படம் கூர்மையாக வர 'ஃபேஸ் கோட்டிங்' என்ற தனிப் பூச்சும் வேண்டும், 1988இல்தான் ஸைஸ் அதைக் கொண்டுவந்தது. ஆகவே கையில் இருக்கிற தொகை சின்னது என்றால் அதே விலையில் போரோவில்தான் படம் நன்றாக இருக்கும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடியும், மழையிலும் போவோம் என்றால் ஃபேஸ் கோட்டிங் உள்ள 8×30 அல்லது 8×32 ரூஃப். ப்ரிசத்துக்கு 'பிஏகே4' கண்ணாடி என்று போட்டிருந்தால் நல்லது.

நீர் புகாமை, உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பது இரண்டும் ஈரமான இடங்களுக்குப் போகிறவர்களுக்கு அவசியம். குளிரூட்டிய வண்டியிலிருந்து புழுக்கத்தில் இறங்கினால் வெளிக் கண்ணாடியில் ஆவி படியத்தான் செய்யும், துடைத்துக்கொள்ளலாம். உள்ளே படிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன். 'ஈடி' கண்ணாடி (படத்தின் விளிம்புகளில் வண்ணப் பிசிறைக் குறைப்பது), மெக்னீசியம் உடல் இவை எல்லாம் நல்லவைதான். பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் அவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

எந்த மாதிரி என்று அடையாளம் தெரிவதற்கு இரண்டு பெயர் சொல்கிறேன். கோவா நிறுவனத்தின் ஒய்எஃப் வரிசையில் உள்ள 6×30 போரோ வகை, அரைக் கிலோவுக்கும் குறைவு, ஐ ரிலீஃப் 20 மில்லிமீட்டர், கண்ணாடி போடுகிறவர்களுக்கு அருமையாகப் பொருந்தும். பென்டாக்ஸின் பபிலியோ 6.5×21 சுமார் 290 கிராம், அரை மீட்டர் தூரத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும், பூ, பூச்சி, அருங்காட்சியகப் பொருள் என்றால் இதற்கு நிகர் குறைவு. அந்தி நேரத்துக்கு ஆகாது. இவைதான் வேண்டும் என்று இல்லை, இப்படிப்பட்ட அளவுகளைத் தேடுங்கள்.

கை நடுக்கம் அதிகம் உள்ளவர்களுக்குப் படத்தை நிலைப்படுத்தும் மின்னணு வகை உண்டு. கேனனின் 8×20 ஐஎஸ் சுமார் 420 கிராம்தான். பேட்டரி வேண்டும், விலையும் பல மடங்கு, ஒளிக்கற்றையும் 2.5 மில்லிமீட்டர்தான். பெரிய நடுக்கத்தை அது முழுவதும் நிறுத்திவிடாது. சாதாரணக் கை அசைவுக்குப் பெரிய மாற்றம் தெரியும். மலிவு என்று சொல்ல முடியாது, நடுக்கத்தால் பார்ப்பதையே விட்டுவிட்டவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு நியாயம்.

வாங்கவே கூடாதவை

ஜூம் பைனாகுலர். குறைந்த பவரில் குறுகலான பார்வை, அதிக பவரில் இருட்டு. சிவப்பாக மின்னுகிற 'ரூபி' லென்ஸ், அது வேண்டிய ஒளியையே திருப்பி அனுப்புகிறது. உள்ளங்கை அளவில் இருந்துகொண்டு 30×60 என்று எழுதியிருப்பவை. ஸ்கேல் வைத்து முன் லென்ஸை அளந்து பாருங்கள், 60 மில்லிமீட்டர் என்றால் ஆறு சென்டிமீட்டர், அதில் பாதிகூட இருக்காது. அப்புறம் 'ஃபோகஸ் ஃப்ரீ', அதாவது ஃபோகஸ் செய்யவே வேண்டாம் என்று விற்கப்படுபவை. வயதானவர்களுக்குச் சுலபம் என்று சொல்லி இதைத்தான் தலையில் கட்டுவார்கள். ஃபோகஸ் வேலையை அது கண்ணின் தலையில் போடுகிறது, அந்த வேலையைத்தான் வயதான கண்ணால் செய்ய முடியாது. தெரிந்தே ஒருவருக்கு இதை விற்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

படி 6: கையில் எடுத்துச் சோதிப்பது

யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரே, அன்றாடம் போடுகிற கண்ணாடியோடு பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்குவதென்றால் திருப்பிக் கொடுக்க வசதி இருக்கிற இடத்தில் வாங்கி, முதல் நாளே இதையெல்லாம் செய்துவிடுங்கள்.

கையை நீட்டி வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து (சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள்) கண் பக்க லென்ஸில் தெரிகிற ஒளி வட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டியது போல் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே மட்டமான ப்ரிசம். அடுத்து, தூரத்தில் இருக்கும் மொட்டைமாடி விளிம்பு அல்லது கம்பி போன்ற ஒரு படுக்கைக் கோட்டைப் பார்த்தபடியே பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் விலக்குங்கள். இரண்டு குழலிலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் குழல்கள் ஒன்றுக்கொன்று கோணல், அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் தலைவலிதான். மலிவு பைனாகுலரில் இந்தக் குறை சகஜம், ஒரே மாடலில் ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது கோணலாக இருக்கும். ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்துவிட்டு எடுக்கும்போது கண்கள் இழுப்பது போல் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பழையதை வாங்கினால் தலைகீழாகத் திருப்பி, பெரிய லென்ஸ் வழியாக வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: முதல் நாள் செய்ய வேண்டியது

பெரும்பாலும் வலது கண் பக்கம் சின்னதாக ஒரு வளையம் இருக்கும், அதற்கு டயாப்டர் என்று பெயர். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்வது அதுதான். வலது பக்க முன் லென்ஸை மூடியால் மூடுங்கள் (ஒரு கண்ணை இறுக மூடினால் மற்ற கண்ணும் சேர்ந்து சுருங்கும், அதனால் இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும்). தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றை நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது மூடியை இடப்பக்கம் மாற்றி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், அதே பலகையை டயாப்டர் வளையத்தால் வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான், இனி நடுச் சக்கரம் மட்டும். வளையம் நிற்கிற இடத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இன்னொருவர் திருப்பிவிட்டாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

பிடிக்கும்போது முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள், சுவரிலோ மரத்திலோ தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள், உட்கார முடிந்தால் உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள். பார்க்க வேண்டியதை வெறும் கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவந்தால் பொருள் நேரே வந்து நிற்கும்.

விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோங்கள், சரக்குப் பெட்டியில் தூக்கிப் போடும்போது விழுகிற அடியில்தான் குழல் கோணலாகும். துடைப்பதற்கு முன் தூசியை ஊதிவிடுங்கள், சட்டை நுனியால் துடைக்கவே துடைக்காதீர்கள். ஊருக்குத் திரும்பியதும் ஈரம் காயவிட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போடுங்கள், பூஞ்சை பிடிக்காது.

கண்புரை அறுவை சிகிச்சை நெருங்கிவிட்டது என்றால் பைனாகுலரை அதற்கு அப்புறம் வாங்குங்கள். பவர் மாறிவிடும், கண்ணாடியே தேவைப்படாமலும் போகலாம், அப்போது தேர்வும் மாறும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பரவாயில்லை. கண் ஆறி, புதுக் கண்ணாடி வந்த பிறகு ரப்பர் வளையத்தையும் டயாப்டரையும் மேலே சொன்ன மாதிரி முதலிலிருந்து வைத்துக்கொண்டால் போதும்.